திறக்காத வாய்

— கதவைச் சாத்திட்டேன் அம்மா. இனி நீயும் நானும்தான். வாயைத் திற.

— நீ என் காலைத் தொட வந்தியா, பல்லைப் பார்க்க வந்தியா சுனந்தா?

— காலைத் தொட வெளியில ஊரே நிக்குது. மூடுபித்ரியில பாதிப் பேர் நம்ம முற்றத்துலதான் இருக்காங்க. பசதிக் கோயில்ல பூஜை பண்றவர் பெண்சாதி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்கம்மாவைப் பெத்த வயிறு புண்ணியம் பண்ணியிருக்கு"ங்கறா. அவளை ஒரு அறை விடலாம் போல இருந்தது.

— அப்படிச் சொல்லாதே. சல்லேகனை எல்லாருக்கும் வாய்க்காது.

— வாய்க்காதுதான். அன்னத்தை விட்டு, கடைசியில தண்ணியையும் விட்டு, அமைதியா கண்ணை மூடறது. நானும் இந்த வீட்டுல பொறந்தவதானே, எனக்குத் தெரியாதா? ஆனா அதை நீ எடுத்துக்கப் போறேன்னு அண்ணன் போன்ல சொன்னதும், வாயைத் திறந்துட்டு என் கிளினிக் நாற்காலியில கிடந்த ஆளை அப்படியே விட்டுட்டு ஹாசன்ல பஸ் ஏறினேன். யுகாதிக்குக் கூப்பிட்டு, "மாம்பழம் பழுத்ததும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா"ன்னியே. சாகப் போறவ மாம்பழத்துக்குக் கூப்பிடுவாளா?

— இருக்கட்டும். மனசு மாறும்.

— மனசு மாறலாம். பேச்சு எதுக்கு மாறணும்? நாக்கையே அசைக்காமப் பேசறே. பல் டாக்டர்கிட்ட மறைக்கற விஷயமா இது?

— சாயங்காலம் முனி வர்றார். அவர் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்.

— அவர் வந்து என்ன கேப்பார்னு தெரியும்ல? "ஏம்மா அன்னத்தை விடறே?"ன்னு கேப்பார். தீராத நோயா, தள்ளாமையான்னு விசாரிச்சுட்டுத்தான் விரதம் குடுப்பார். அவர்கிட்ட பொய் சொல்வியா? சொல்ல மாட்டே. அதான் எங்கிட்டயே வாயைத் திறக்க பயப்படறே.

— சரி. சீக்கிரம் பார்த்துட்டு விடு.

— இப்படி ஜன்னல் பக்கம் திரும்பு. இரு, போன் வெளிச்சத்தையும் போட்டுக்கறேன். இன்னும் கொஞ்சம் திற... ஐயோ. அம்மா, என்ன இது?

— கத்தாதே. வெளியில கேக்கும்.

— இடது கன்னம் பூரா வெள்ளையா உரிஞ்சு கிடக்கு. நாக்குக்கு அடியில ரத்தம் கசியுது. இதை வெச்சுக்கிட்டு எச்சில் கூட முழுங்க முடியாதே!

— கஞ்சி பட்டாலே நெருப்பு. உப்புப் பட்டா உயிர் போயிடும். முதல்ல ஊறுகாயை விட்டேன். அப்புறம் சோறு. அப்புறம் கஞ்சி. இப்போ ஸ்பூன்ல எளநீர்தான், அதுவும் வலது பக்கமா.

— ஊரு அதைத்தான் ஒவ்வொண்ணா துறக்கறான்னு சொல்லுது.

— நான் சொல்லலை.

— இல்லைன்னும் சொல்லலை. அதுக்கு அப்புறம் வர்றேன். வலது கன்னம் சுத்தமா இருக்கு. இடது பக்கம் மட்டும் எப்படி? பல் எதுவும் குத்தலை. அப்பா மாதிரி நீ பாக்கு மென்னதில்லை. இந்த இடத்துல என்ன வெச்சே?

— ஒண்ணும் வெக்கலை.

— கிராம்பு? பல்வலின்னு ஏதாவது தைலம்?

— ஒண்ணும் இல்லைங்கறேன். அந்த எலும்பு மாத்திரையைத்தான் அங்க ஒதுக்கிப்பேன்.

— எது? மணிக்கட்டு முறிஞ்சப்போ குடுத்தாங்களே, ஞாயித்துக்கிழமை மட்டும் போடறது, அதுவா? அதை ஏன் ஒதுக்கறே? முழுங்க வேண்டியதுதானே?

— எதை வெச்சு முழுங்க? எழுந்ததும் வெறும் வயித்துல போடணும்னார் டாக்டர். நான் எழுந்திருக்கறப்போ கும்மிருட்டு. சூரியன் வராம நான் எப்படித் தண்ணி குடிப்பேன்?

— அம்மா...

— கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து, பொழுது சாஞ்சா மறுநாள் சூரியன் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு தொண்டையில இறங்கினதில்லை. மாத்திரையைப் பத்தி பசதியில கேட்டேன். மருந்துக்கு விலக்கு உண்டுன்னாங்க. தண்ணியையும் கேக்க வெக்கமா இருந்தது. அரை மணி நேரம் நிமிர்ந்து உக்காரணும்னு வேற சொல்லியிருந்தார். அதான், கன்னத்துல ஒதுக்கிட்டு நமஸ்கார மந்திரம் சொல்லிட்டே உக்காந்துப்பேன். முடியறதுக்குள்ள கரைஞ்சுடும். எரியும். இருக்கட்டும், மருந்துதானேன்னு விட்டுட்டேன்.

— டம்ளர் நிறையத் தண்ணியோட போடணும்னு டாக்டர் சொல்லவே இல்லையா?

— சொன்னார். அவர் நம்ம மாதிரி ஜைனர் இல்லையே. விளக்கிச் சொன்னா எங்கே புரியப் போகுதுன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

— நல்லா ஆட்டினே தலையை! அது வயித்துக்குள்ள போய்க் கரையணும்மா. வாயில கரைஞ்சா உள்தோலை அரிச்சுடும். ஆற ஆற மறுபடி அதே இடத்துல வெச்சு நீயே சுட்டுக்கிட்டிருக்கே. சூரியன் வந்ததும் தண்ணியோட போட்டுட்டு, அரை மணி கழிச்சுச் சாப்பிட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— அப்போ இது... கேன்சர் இல்லையா?

— அதைத்தான் நெனைச்சுட்டிருந்தியா?

— உங்கப்பாவுக்கும் வாயிலதானே ஆரம்பிச்சது. அவர் பட்டதைப் பார்த்தவ நான். மறுபடி ஆஸ்பத்திரி, குழாய்னு உங்களை அலைய விட வேண்டாம்னு நெனைச்சேன்.

— மாத்திரையை நிறுத்தினா ரெண்டு வாரத்துல ஆறணும். எலும்புக்கு வேற மருந்து டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம். ஆறலைன்னா துளி சதை எடுத்துப் பார்த்துடலாம், நானே கூட இருப்பேன். ஆனா ஆறிடும்மா. அழாதே. கண்ணீர் உப்பு, உள்ள போனா எரியும்.

— ம்.

— இதை ஏன் அண்ணன்கிட்ட சொல்லலை?

— நேமி ஒருநாள் என் தட்டைப் பார்த்துட்டு, "அன்னத்தை விடறியாம்மா?"ன்னு கேட்டான். அன்னிக்கு வாயைத் திறக்க முடியலை. பேசாம இருந்தேன். சட்டுன்னு கால்ல விழுந்துட்டான். அப்பவே அவன் தம்பிக்குப் போன் பண்ணினான், சுனந்தா. தோட்டத்துத் தண்ணிக்காக ஒருத்தன் மேல ஒருத்தன் கோர்ட்டுக்குப் போனவங்க. ஒருத்தன் வீட்டு விசேஷத்துல இன்னொருத்தன் கை நனைச்சதில்லை. இப்போ ராத்திரியில என் வாசல்ல ஒரே பாய்ல படுத்துக்கறாங்க. "வெறும் வாய்ப்புண்ணுடா, போய் வேலையைப் பாருங்க"ன்னு எப்படிச் சொல்வேன்? சொன்ன நிமிஷம் பாயைச் சுருட்டிடுவாங்க.

— அதுக்காகச் சாவியா?

— எப்படியும் சாகப் போறேன்னு நெனைச்சேன். அந்தச் சாவு ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுட்டுப் போகட்டுமேன்னு இருந்துட்டேன்.

— இப்போ சாகப் போறதில்லைன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே நீ வாயை மூடிட்டு இருந்தா அதுக்குப் பேர் விரதம் இல்லை.

— தெரியும். அதுக்கு என்ன பேர்னு நீ சொல்லாதே. உன் வாயால சொல்லாதே.

— சொல்லலை. முனி வந்து கேட்டா என்ன சொல்லப் போறே?

— ...பசிக்குதுன்னு சொல்வேன். சுனந்தா, எனக்கு ரொம்பப் பசிக்குது.

— இது போதும் எனக்கு. அண்ணா! நேமியண்ணா, உள்ள வா.

— என்ன சுனந்தா? முனி மடத்துலேருந்து கிளம்பிட்டாராம். அம்மா ஏன் அழறா?

— இது சல்லேகனை இல்லை அண்ணா. மாத்திரையை வாயில வெச்சுக் கரைச்சதால வந்த புண். ஆறக்கூடியது. அம்மா சாப்பிடணும்.

— கோச்சுக்காதே நேமி. ஊரையே கூட்டிட்டே, என்னால உனக்குத் தலைகுனிவு. முனிகிட்ட நானே சொல்லிடறேன். நீங்க ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க.

— மரம் மாதிரி நிக்காதே அண்ணா! இன்னும் கொஞ்ச நேரத்துல பொழுது சாஞ்சுடும். அப்புறம் அம்மா நாளைக் காலையிலதான் வாயில வைப்பா. இந்த வீட்டுல அடுப்பு எரியற மாதிரியே தெரியலை. யாரையாவது உப்பில்லாம ஒரு கஞ்சி வெக்கச் சொல்லு.

— வெக்க வேண்டாம் சுனந்தா, இருக்கு. தம்பி தினமும் பின்கட்டுல ஒரு சட்டி கஞ்சி வெச்சுட்டு, அம்மா கேக்க மாட்டாளான்னு பக்கத்துலயே உக்காந்திருக்கான். பொழுது சாஞ்சா அவன் கையால கொட்ட மாட்டேங்கறான். நான்தான் அழுதுக்கிட்டே எடுத்துட்டுப் போய் மாட்டுத் தொட்டியில கொட்டிட்டு வர்றேன்.