மிஸ் கோரின் வீட்டு எக்காளக் கொடி

எங்கள் ஊரில் செடி கொடுத்தவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் செடி பட்டுப்போகும். கையில் வாங்கிக்கொண்டு, "அடேயப்பா, வேர் நல்லா இருக்கே" என்று ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிட வேண்டும். போலீஸ் சட்டை போட்டிருந்தாலும் நீங்களும் இந்த ஜார்ஜியா மண்ணில் பிறந்தவர்தான், டெபுடி. உங்களுக்குத் தெரியாததில்லை.

என் அம்மா லூடி, எங்கள் வேலியில் கிடந்த எக்காளக் கொடியிலிருந்து ஒரு கன்றைப் பெயர்த்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, கல்யாணமான பிறகும் ஊருக்கு 'மிஸ்'ஸாகவே இருந்த மிஸ் கோரினிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவரும் நன்றி சொல்லவில்லை. அதில் குறையில்லை. அம்மா அந்த வீட்டைத் துடைத்தாள், சமைத்தாள், படுக்கையில் கிடந்த அவர் கணவருக்குச் சாகும்வரை மலம் அள்ளினாள். அதற்கும் மிஸ் கோரின் நன்றி சொன்னதில்லை. அம்மாவையும் ஒரு செடியாக நினைத்திருப்பார். பட்டுப்போய்விடக் கூடாதே என்ற கவலை.

அந்தக் கொடி ஆரஞ்சு நிறத்தில் குழல் குழலாகப் பூக்கும். ஹம்மிங் பறவை அதைத் தேடி வரும். தோட்டச் சங்கத்துப் பெண்கள் விருந்துக்கு வரும்போது சன்னலில் பறவை நிற்க வேண்டும் என்பது மிஸ் கோரினின் ஆசை.

"சுவத்தை ஒட்டி வேண்டாங்க, மிஸ் கோரின். இது சனியன். பலகை இடுக்குல பூந்துடும்," என்றாள் அம்மா.

"சன்னலுக்குப் பக்கத்துலயே வை, லூடி. சுவத்துக்கு நீ என்ன வக்கீலா?"

வைத்தாள். சில கோடைகளில் அது கூரையைத் தொட்டது. வெட்டின இடத்தில் நாலாக முளைத்தது.

நான் கல்லூரியில் பட்டம் வாங்க இருந்த வாரத்தில் அம்மா இறந்தாள். எங்கள் வம்சத்திலேயே நான்தான் முதல் பட்டதாரி. விழாவுக்கென்று அம்மா நீலத் தொப்பி வாங்கி வைத்திருந்தாள். மிஸ் கோரின் வீட்டில் அன்று சங்கத்து விருந்து. சமையலறையில் விழுந்தாள். அடக்கத்தன்று எங்கள் சர்ச்சில் மிஸ் கோரின் எழுந்து நின்று பேசினார்.

"லூடி எங்க வீட்டு மனுஷி மாதிரி. நெஞ்சு அடைக்குதுன்னா. உக்காரும்மான்னேன். இந்தப் பாத்திரத்தைக் கழுவிட்டு உக்கார்றேன்னா. எதையும் பாதியில விட மாட்டா."

அதில் பாத்திரத்தை மட்டும் நம்பினேன், உட்காரச் சொன்னதை அல்ல.

துக்கத்துக்கு ஒரு பீங்கான் தட்டு நிறைய மக்ரோனி கொண்டுவந்திருந்தார். தட்டின் அடியில் அவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. இங்கே எல்லோரும் அப்படித்தான் ஒட்டுவார்கள். சாப்பிட்ட பிறகு தட்டு உரியவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே. கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"உங்கம்மா கைதான் உனக்கு. நீ ஏன் இங்கயே வேலைக்கு வரக் கூடாது, வெர்னா? டிகிரி வாங்கினா துடைப்பம் கடிச்சிடுமா?"

சரி என்றேன். வேறு வேலை கிடைக்கவில்லையா என்று கேட்டீர்கள். அட்லாண்டாவில் ஒரு ஆய்வகத்தில் கிடைத்திருந்தது. போகவில்லை.

வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் அந்தச் சன்னலுக்குப் பக்கத்தில், சுவர் வழியாக வெளியே வருகிறது. ஆகஸ்டில் கொடி அதை முழுக்க மூடிவிட்டது. எதிர்வீட்டு ப்ரூயிட் ஐயாதான் முதலில் சொன்னார்.

"ஏம்மா, குழாயை அமுக்கிருச்சு பாரு. குளிர் வர்றதுக்குள்ள வெட்டிவிடு. புகை உள்ளயே தங்கினா தூக்கத்துலயே ஆளைக் கொன்னுடும்."

கத்தரியை எடுத்தேன். முன்வாசலிலிருந்து மிஸ் கோரின் கத்தினார்.

"என் கொடியில கத்தரி பட்டுச்சு, உன் விரலை நறுக்கிடுவேன். தோட்டப் போட்டி வருது. ப்ரூயிட், நீங்க உங்க வீட்டுப் புல்லைப் பாருங்க. மாடு மேயற மாதிரி இருக்கு."

ப்ரூயிட் ஐயா சிரித்தார். நானும் சிரித்தேன். செப்டம்பரில் மிஸ் கோரின் தோட்டத்துக்குத்தான் பரிசு. வெட்டாதே என்ற கட்டளை என்னிடம் இருந்தது. அதைக் கேட்ட சாட்சியும் இருந்தார்.

நவம்பரில் இலை உதிர்ந்தது. குழாய் பளிச்சென்று வெளியே தெரிந்தது. சருகு வாரியைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். பச்சையாக இருந்தபோது கொடியே எல்லாவற்றையும் முடித்துவிடும்போல் இருந்தது. இப்போது சுவரில் நரம்புதான் மிச்சம். அன்றே அட்லாண்டாவுக்குக் கிளம்பியிருக்கலாம். சருகு வாருவது என் வேலை. வாரினேன். மூட்டை கட்டிக் கொட்டகையில் வைத்தேன்.

ஜனவரியில் ஒரு ராத்திரி தண்ணீர்க் குழாய்கள் உறையும் குளிர் வந்தது. மிஸ் கோரினை மறுநாள் நாற்காலியில் பிணமாகப் பார்த்தீர்கள். கொடி குழாயை மூடிவிட்டது, அவர் என்னை வெட்ட விடவில்லை என்று உங்களிடம் சொன்னேன். ப்ரூயிட் ஐயாவும் ஆமாம் என்றார். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டீர்கள்.

"எங்க கொட்டகை மேலயும் இந்தக் கொடிதான் கெடக்கு. எலும்புக்கூடு மாதிரி நிக்குது. ஜனவரில இதுல ஒரு இலை இருக்குமாம்மா?"

இருக்காது. இங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். நான் நாலு வருடம் படித்தவள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குழாயில் சருகை அடைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஹீட்டரைப் போட்டேன். அவர் காலில் போர்வையைப் போர்த்தினேன். மிஸ் கோரின் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

"ரொம்ப நன்றி, வெர்னா. லூடி போனப்புறம் என்னை யாருமே இப்படிப் பாத்துக்கல."

அந்த வீட்டில் நான் கேட்ட முதல் நன்றி. வெளியே வந்து வாசலில் நின்றேன். சுவரைச் சுற்றிப் போய் ஒரு கைவிட்டுச் சருகை இழுத்திருந்தால் போதும். நன்றி சொன்னால் செடி மட்டும்தான் பட்டுப்போகுமா என்று யோசித்தேன். குளிராக இருந்தது. காரைக் கிளப்பினேன்.

நான் எதையும் தொடங்கவில்லை, டெபுடி. தொடங்கியது அந்தக் கொடி. இலையை உதிர்த்துவிட்டுப் பாதியில் விட்டது. எங்கள் வீட்டில் யாரும் வேலையைப் பாதியில் விடுவதில்லை.