சிவப்பிலும் வேறுபாடு கண்ட செகண்டு அக்காவுக்கு

ஒரு சொட்டு இரத்தத்தையும் ஓர் உயிராக மதித்தவரே! உறையும் நொடிகளை எண்ணி எண்ணி, உறங்கும் மழலையரைக் காத்தவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் ஆய்வகத்தில் முகம் சுளிக்காமல் உழைத்து, இன்று பணி ஓய்வு பெறும் அன்பு அக்காவே! வணக்கம்.

முகம் சுளிக்காமல் என்பது சற்றே பொய். குழாயில் கோடு வரை இரத்தம் நிரம்பாமல் வந்தால், உங்கள் சுளிப்பு வார்டு வரை தெரியும்.

பிறந்த குழந்தையின் இரத்தம் இயல்பாகவே சற்று மெதுவாக உறையும். எங்கள் கருவிக்குப் பெரியவர்களின் அளவு மட்டுமே தெரியும். நலமான குழந்தைக்கும் 'இயல்பில்லை' என்று சிவப்புக் குறி போட்டது. எல்லாமே சிவப்பு என்பதால் யாரும் சிவப்பைப் பொருட்படுத்தவில்லை. நீங்கள் மட்டும் நலமான குழந்தைகளின் நொடிகளை இரண்டு ஆண்டுகள் நாட்காட்டித் தாள்களின் பின்புறம் குறித்துவைத்து, குழந்தைகளுக்கென்று தனி அளவு அட்டை எழுதி ஒட்டினீர்கள். "அக்கா கோலம் போட்டுட்டாங்க" என்று சிரித்தோம்.

பிறகு ஒரு காலை, நான்கு நாள் குழந்தை ஒன்றின் முடிவு வந்தது. முந்தின நாளும் சிவப்பு, அன்றும் சிவப்பு. அட்டையைப் பார்த்த நீங்கள் குழந்தைகள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தீர்கள்.

"குழந்தைங்க ரிப்போர்ட்டு எப்பவும் சிவப்புதானே அக்கா?"

"நேத்து சிவப்பு வேற, இன்னைக்குச் சிவப்பு வேற டாக்டர். நேத்து நாப்பத்தஞ்சு செகண்டு, அது குழந்தைக்குச் சரிதான்; இன்னைக்கு அறுபத்திரண்டு. பிளேட்லெட்டும் பாதியா இறங்கிடுச்சு. நீங்க வரீங்களா, இல்ல நான் மாடிக்கு ஏறி வந்து உங்களை இழுத்துட்டு வரட்டுமா?"

அவர் ஓடி வந்தார். கிருமித் தொற்று வந்தால் உறைய வைக்கும் பொருள்கள் வேகமாகச் செலவாகும். பெரியவர்களிடம் கையிருப்பு உண்டு, கொஞ்சம் தாங்கும். பச்சைக் குழந்தையிடம் இருப்பதே கொஞ்சம். நண்பகலுக்குள் மருந்து ஏறியது. இரத்தத்தில் கிருமி இருந்ததை இரண்டு நாள் கழித்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையும் சொன்னது. அதற்குள் உங்கள் நொடிகள் ஐம்பதுக்கு இறங்கியிருந்தன. ஒரு துளி இரத்தக் கசிவும் இல்லை.

அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. இதோ, முன்வரிசையில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் அதே மருத்துவர், கைதட்டுவதில் அவளுக்குப் போட்டியாக.

நோயின்றி, நொடிகளை எண்ணும் வேலையுமின்றி, நூறாண்டு வாழ்க அக்கா! இம்மடலைச் சட்டமிட்டு உங்கள் கையில் தருகிறோம். நேற்று நீங்கள் பையில் எடுத்துவைத்த அட்டையை மட்டும் திருடிவிட்டோம். அதற்கும் சட்டம் போட்டாயிற்று. அது எங்கள் சுவரில்தான் இருக்கும்.

என்றும் உங்கள்,
இரத்த ஆய்வகத் தோழமையினர்