யாக்னாவின் சம்மதம்

— இந்த ஜெயில் காபி எங்கயும் ஓடிடாது, யாக்னா. அதிகாரி நம்ம வீட்டுக்கு வந்தாரா இல்லையா, மொதல்ல அதச் சொல்லு.

— வந்தாரு. மிச்சத் தண்டனைய உன் புருஷன் கால்ல கண்காணிப்பு வளையம் மாட்டிக்கிட்டு வீட்டுலயே கழிக்கலாம், வீட்டுல இருக்குற உனக்குச் சம்மதமான்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— அந்தாளையும் என்னையும் ஒரே வீட்டுல அடைச்சா அது யாருக்குங்க தண்டனைன்னு கேட்டேன்.

— கிண்டலு! நான் சொல்றதக் கேளேன். மொத தடவ லேஷெக்கும் நானும் சேந்துதான அந்தச் செம்புக் கம்பியத் திருடுனோம்? அவங்க அம்மா சம்மதிச்சாங்க, அவனுக்கு வளையம். நீ முடியாதுன்ன, எனக்கு ஜெயிலு. அவன் இன்னிக்கு ரொட்டி வேன் ஓட்டுறான். நான் மூணாவது தடவையா உள்ள கெடக்கேன்.

— ஓஹோ, நீ திருடுனதுக்கு நான் பொறுப்பா? அப்ப நான் கைக்குழந்தக்காரி, ராடெக். போலீஸ் தொட்டில வரைக்கும் கவுத்துப் பாத்துட்டுப் போச்சு.

— கிறிஸ்துமஸுக்கு மொத நாள் ராத்திரி ஒரு காலித் தட்டு வைக்கிறல்ல, முன்னப்பின்ன தெரியாத எவனாவது வந்தா உக்கார வைக்க? எனக்கு அந்த எடங்கூட இல்லியா?

— அவன் சாப்பிட்டுக் கெளம்பிடுவான். நீ சாப்பிட்டா பின்னாடியே போலீஸ் வரும்.

— லேஷெக் வீட்டுல இருந்து அம்மாகிட்டத் திட்டு வாங்குனான். நான் இங்க பக்கத்துப் படுக்கைக்காரன்கிட்டப் பூட்டுத் தொறக்கக் கத்துக்கிட்டேன். மொத தடவ விடுதலையான அன்னிக்கு அவன் கூட்டாளிங்கதான் காரோட வந்து நின்னானுங்க. வேற நாதி? உன் பீட்ரூட் சூப்பு வாசனைய நெனச்சு நெனச்சே நாளத் தள்ளுனவன்டி நான். நீ வந்து நின்னிருந்தா அந்தக் கார்ல ஏறியிருப்பேனா?

— நின்னேன்.

— என்னது?

— எதிர்த்த பஸ் ஸ்டாப்புல. உன் கம்பளிக் கோட்டு கையில, புள்ள இடுப்புல. நீ அவனுங்களோட சிரிச்சுக்கிட்டே ஏறிட்ட.

— ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதா?

— குடுக்கத்தான் வாயத் தொறந்தேன். கூப்பிட்டும் நீ திரும்பாமப் போயிட்டா, அப்புறம் நான் எத நெனச்சு ஏங்குறது?





— அப்ப இப்பவும் அதிகாரிகிட்ட முடியாதுன்னு சொல்லிட்ட, அதான?

— சரின்னு சொல்லிட்டேன். இந்தத் தடவ ஜெயில் கேட்டுக்கு முன்னாடியே நிப்பேன், பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். எவன் கார் நின்னாலும், நீ திரும்பிப் பாரு ராடெக்.