மண்சட்டிக்கு வெளியே வைத்த பேட்டரி

காபியில் சர்க்கரை கம்மியாக இருந்தால் சொல்லுங்கள், சார். தீயணைப்பு நிலையத்திலிருந்து வீடு தேடி வந்தவரைச் சரியாகக் கவனிக்காமல் அனுப்பினால் எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை.

எரிந்துபோன மாடி அறை என் மருமகள் சந்திரகலாவுடையது. நல்ல பெண். செத்துப்போன லேப்டாப்புகளின் பேட்டரியைப் பிரித்து, உயிர் மிச்சமிருப்பதைத் தேர்ந்தெடுத்து, சின்னச் சின்ன விளக்குகள் செய்வாள். ரமணாசிரமம் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்கள்கூட ஆசையாக வாங்கிப் போவார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பேட்டரி எங்கிருந்து வந்தது என்பதுதான் சங்கடம். காயலான் கடைக் குவியல் முன்னால் உட்கார்ந்து, தன் கையாலேயே பொறுக்கி எடுத்து வருவாள்.

போன மாதம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் என் மனைவியின் தம்பி பலராமன்.

"இன்னா மாமா, உங்க மருமக காயலான் கடையில குந்திக்கினு இருக்குதாமே? வீட்ல அவ்ளோ கஷ்டமா?"

"அது பேட்டரி பாக்கப் போவுதுப்பா."

"உப்பிப்போன பேட்டரிய மட்டும் தொடாதாமே. அப்போ இந்தத் தொப்பையோட நீங்க தப்பிச்சீங்க."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

மறுநாள் முதல் தினமும் சாயங்காலம் அவள் அறைக்குப் போக ஆரம்பித்தேன். "மாமா, உங்களுக்கு இதுலல்லாம் ஆர்வமா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். நிரம்பியதும் தானாக நின்றுவிடும் சார்ஜரில்தான் போட வேண்டும். சிமென்ட் தரையில், மண்சட்டிக்குள் வைக்க வேண்டும். பக்கத்தில் மெத்தை, துணி எதுவும் ஆகாது. உப்பியதைச் சார்ஜில் போடவே கூடாது. போட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. அந்தப் புதுச் சட்டியை மீன் குழம்புக்கு வாங்கியது என்று நினைத்திருந்தேன். சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மருமகள் இவ்வளவு அக்கறையாகச் சொன்னதை மாமனார் மறந்தால் மரியாதையாக இருக்காது. நான் ஒன்றைக்கூட மறக்கவில்லை.

பௌர்ணமியன்று வீட்டில் எல்லாரும் கிரிவலம் கிளம்பினார்கள். எனக்கு முழங்கால் வலி என்றேன். அவள் மணலில் ஒதுக்கி வைத்திருந்த உப்பிய பேட்டரியை எடுத்தேன். நிற்கத் தெரியாத பழைய சார்ஜர் ஒன்று பரணில் கிடந்தது. மெத்தைமேல் வைத்து, என் பழைய வேட்டியைப் போர்த்தி, கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து பேப்பர் படித்தேன்.

அறை போனால் பழக்கம் போகும், அவ்வளவுதான் என் எண்ணம். அவள் பாதி வழியில் திரும்புவாள் என்று எதிர்பார்க்கவில்லை. என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட வந்தாளாம். அந்த நேரத்தில் நான் மாடியில்தான் உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். புகையைப் பார்த்ததும், "ஐயோ, மாமா மேல இருக்காரு!" என்று படியேறி ஓடினாள்.

புகை கிளம்பியதுமே நான் வெளியே வந்து, தெருவின் எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வாசல் வழியாகத்தான் கிரிவலக் கூட்டம் போகிறது. அத்தனை பேர் முன்னால் தெருவில் நின்று கத்துவது எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பழக்கமில்லை.

இரண்டு கையும் வெந்துவிட்டது. இனி நுணுக்கமான வேலை செய்வது கஷ்டம் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "எதையோ சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டேன் போலருக்கு, மன்னிச்சிடுங்க மாமா" என்று அழுதாள். பெரியவனாக லட்சணமாக, மன்னித்துவிட்டேன்.

இதையெல்லாம் நான் வெளியில் சொல்வதாகவே இல்லை, சார். ஆனால் மருமகளின் கவனக்குறைவால் தீ என்று எழுதப் போவதாகச் சொன்னீர்கள். அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் கவனக்குறைவாகச் செய்தது கிடையாது. நான் செய்ததும் மிகுந்த கவனத்தோடுதான்.