பத்து போர் துப்பாக்கி

— கடையில அந்தப் பொண்ணு துப்பாக்கிய எடுத்து உன் தோள்ல வச்சப்போ உன் மூஞ்சி போன போக்க நான் பாத்துட்டேன், சைலஸ். இங்க வண்டிக்குள்ள இருந்தே தெரிஞ்சுது.

— கனமா இருந்துச்சு. அவ்வளவுதான்.

— அஞ்சு கிலோ. நம்ம பேத்தி நீபின் பொறந்தப்போகூட அவ்வளவு எடை இல்ல.

— பத்து போர்னா அப்படித்தான் இருக்கும், டைனா. நம்பர் குறையக் குறைய குழாய் பெருசு. தோட்டா ஒண்ணொண்ணும் என் கட்டைவிரல் தண்டி. பன்னெண்டு போர் எட்டாத உயரத்துல போற வாத்த இது எட்டும். கடைசியா ஒண்ணு இருக்காம், கடைய மூடுற வரைக்கும் எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்கா.

— உதைக்கும்னு சொன்னாளா?

— சொன்னா.

— காலையில டாக்டர் என்ன சொன்னார்? தகடும் எட்டு ஆணியும் சேர்த்து இப்பதான் எலும்பு கூடியிருக்கு, இந்த வசந்தத்துல துப்பாக்கியே தொடாதேன்னார். நானும் பக்கத்துலதான இருந்தேன்.

— அது வலது தோளு. நான் இடது தோள்ல வச்சு சுடுவேன்.

— இடது கையால உனக்குப் பல்லுகூட விளக்க வராது.

— பாரு, ஆறு மணிக்கு மூடிருவாங்க. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. நேத்து எட்டு மணி நேரம் ரோடு ஓட்டிட்டு வந்தாச்சு. வெறுங்கையோட திரும்பணுமா?

— ஓட்டினது நான். திரும்பி ஓட்டப் போறதும் நான். அதனால கொஞ்சம் பேசலாம்.

— பேசு. ஆனா நான் முடிவு பண்ணிட்டேன்.

— சரிதான். நீ முடிவு பண்ணது பனி இறுகின மாசத்துலேயே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே துப்பாக்கிப் படமா பாத்துட்டு இருந்த. எதுக்குன்னு மட்டும் இன்னும் நீ சொல்லல.

— இதுல சொல்ல என்ன இருக்கு? போன வசந்தத்துல ஒம்போது நாள் மறைப்புக்குள்ள வாத்துக்குக் காத்து உக்காந்தேன். நாலு வாத்து. ஒம்போது நாளைக்கு நாலு. எங்கப்பா காலத்துல ஒரு காலைக்கே அது காணாது. ஆத்த அணை கட்டித் திருப்பின பிறகு வளைகுடாவுல கடல்புல்லே போயிடுச்சு. திங்க ஒண்ணும் இல்லாத எடத்துல அதுங்க எதுக்கு எறங்கும்? நான் வாத்து மாதிரியே கத்திக் கூப்பிடுறேன், குரல் கேட்டு ஒரு தடவை தலையச் சாய்ச்சுப் பாக்குது, அப்புறம் அதே உயரத்துல தாண்டிப் போயிடுது. தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டேன்.

— ம்.

— இந்த வசந்தத்துல நீபினுக்கு நடை பழகின சடங்கு, முதமுதல்ல கூடாரத்த விட்டுக் காலு வச்சு வெளிய வரப் போறா. ஊரே வந்து நிக்கும். ரோண்டா நம்ம ஒரே பொண்ணு, அவளுக்கு இது ஒண்ணுதான் கொழந்த. அந்த விருந்துல பக்கத்து வீட்டுக்காரன் குடுத்த வாத்தையா கயித்துல கட்டி நெருப்புல தொங்கவிடச் சொல்ற? பேத்திக்குத் தாத்தா சுட்டது வேணாமா? குறைஞ்சது முப்பது வாத்தாவது வேணும்.

— வேணும். நான் இல்லைன்னு சொல்லல.

— அப்புறம்?

— அப்புறம் நானும் ஒண்ணு சொல்லணும். போன வசந்தத்துல நாலு விழுந்துச்சுன்னு நீ எண்ணின. விழாம போனத நான் எண்ணினேன். ஆறு. உசரத்துல போறதச் சுட்டுப் பாத்த, அடி பட்டுச்சு, ஆனா எறக்கைய இழுத்துக்கிட்டே புதர்ப் பக்கம் போயிடுச்சு. ரெண்டு நாள் நான் அந்த சேத்துல தேடினேன், உனக்குத் தெரியாது. சும்மா நடந்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவேன். ஒண்ணு கிடைச்சுது. உசுரோட இருந்துச்சு. ஒரு பக்க எறக்கை பூரா இல்ல. என்னப் பாத்து ஓடக்கூட இல்ல, அப்படியே தலையத் தூக்கிப் பாத்துட்டு இருந்துச்சு.

— இத நீ சொல்லவே இல்லியே.

— சொன்னா நீ சாப்பிட மாட்ட. நம்ம வளைகுடாவுக்கு முப்பது வருஷமா நீதான் வேட்டைத் தலைவன். எந்த நாள் சுடலாம், எந்த நாள் அதுங்கள சும்மா விடணும், எவ்வளவு கிட்ட வந்தா சுடலாம், எல்லாம் நீ சொன்னாத்தான் அஞ்சு குடும்பமும் கேக்கும். வாத்தோட கால் தெரியிற வரைக்கும் விசையில விரல வைக்காதேன்னு எனக்கே நீதான் சொல்லிக் குடுத்த. இப்ப புள்ளியா தெரியிறதச் சுட பீரங்கி வாங்க வந்திருக்க.

— அதுக்குத்தான பெரிய துப்பாக்கி. சின்னதுல அடிச்சா காயம் பட்டுப் போகும். இதுல அடிச்சா விழும். குண்டும் பெருசு, எண்ணிக்கையும் ஜாஸ்தி. காயம் பட்டதுன்னு நீ சேத்துல தேட வேண்டியிருக்காது.

— நெசமாவா நம்புற?

— பாதி நம்புறேன்.

— மீதி பாதி?

— மீதி பாதிக்கு வேற வழி இல்ல.

— இருக்கு. நம்ம ஊரு ரோட்டுல எழுபதாவது கிலோமீட்டர்ல, பழைய மண்ணு தோண்டின எடத்துப் பக்கம் ஒரு குளம் இருக்கு. வளைகுடாவுல எறங்காத வாத்தெல்லாம் அங்கதான் எறங்குது. மரத்து உயரத்துக்கு, காலத் தொங்கப் போட்டுக்கிட்டு. ஊருல கொழந்தைக்குக்கூட தெரியும். கையில இருக்குற பழைய துப்பாக்கியே போதும்.

— அது மால்கமோட குளம்.

— ஆமா. உன் அண்ணனோட குளம்.

— வேற பேச்சு பேசு.

— பேச மாட்டேன். முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு, இதத்தான் பேசப் போறேன். கேளு. உனக்கு வாத்து எட்டாததால துப்பாக்கி வேணும்னு இல்ல. உன் அண்ணன்கிட்ட போய், ஒரு பக்கமா நானும் உக்காந்துக்கட்டுமான்னு கேக்க வாய் வரல. அதுக்குப் பதிலாத்தான் அஞ்சு கிலோ இரும்பத் தூக்கப் பாக்குற.

— அவன நான்தான் துரத்தினேன், டைனா. அஞ்சு குடும்பத்துக்கு முன்னாடி. நான் உசுரோட இருக்குற வரைக்கும் நம்ம வேட்டைக் கூடாரம் போடுற முனையில கால் வைக்காதேன்னு சொன்னேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?

— இதே மூஞ்சியத்தான். வேற இல்லியே.

— சிரிக்காத.

— சிரிக்கல. போன வாரம் ரோண்டா கொழந்தையத் தூக்கிட்டு அவர் கூடாரத்துக்குப் போயிருக்கா. உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னா. அவர் மரக்கிளைய வெட்டி மறைப்பு கட்டிட்டு இருந்தாராம். ஒத்த ஆளுக்கு எதுக்குப் பெரியப்பா இவ்வளவு அகலம்னு கேட்டிருக்கா. கிளை நிறைய கிடைச்சுதும்மான்னு சொல்லிட்டு வேலையப் பாத்தாராம். ஆறு வசந்தமா அந்த மனுஷன் உன்னப் பத்தி ஒரு சொல்லு தப்பா பேசல. ஊரு வாயில ஒண்ணு வந்தா என் காதுக்கு வராம இருக்குமா?

— அவன் அப்படித்தான். சின்ன வயசுல இருந்தே. அடி வாங்கிட்டு சீட்டி அடிப்பான்.

— இப்ப நான் ஒண்ணு சொல்லப் போறேன். நடுவுல பேசாத. முடிச்ச பிறகு நீ அந்தக் கடைக்குள்ள போனாலும் சரி, இங்கயே எறங்கி பஸ் புடிச்சு ஊருக்குப் போனாலும் சரி.

— என்ன டைனா?

— நடுவுல பேசாதன்னேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, அந்த வசந்தத்துல, காத்து சுத்தமா நின்னு போச்சு. ஞாபகம் இருக்கும். இந்த அமைதியில சுட்டா சத்தம் வளைகுடா பூராவும் போகும், வாத்துங்க எடத்தையே விட்டுடும், மூணு நாளைக்கு யாரும் சுடக் கூடாதுன்னு நீ சொல்லியிருந்த. அன்னைக்கு மத்தியானம் ஊருல இருந்து ரேடியோவுல ரோண்டா பேசினா. அம்மா, பாட்டி ரெண்டு நாளா எதுவும் உள்ள எறக்கல, வாத்து ரசம் இருந்தா ஒரு வாய் குடிப்பேன்னு மட்டும் சொல்றாங்கன்னா. நம்மகிட்ட ஒரு துண்டுகூட இல்ல. இருந்தத எல்லாம் முன்னாடியே ஊருக்கு அனுப்பியாச்சு, அங்கயும் தீந்து போச்சு.

— தெரியும்.

— நான் மால்கம் கட்டியிருந்த மறைப்புக்குப் போனேன், வாத்துங்கள ஏமாத்தி எறக்க வச்சிருந்த பொம்மை வாத்தயெல்லாம் எடுத்து அடுக்கி வைக்கிறதுக்கு. அவரும் இருந்தாரு. என் கையில என்னோட சின்னத் துப்பாக்கி, இருபது போர். கரடி வந்தா பயமுறுத்தத்தான் எப்பவும் எடுத்துட்டுப் போவேன். சூரியன் மறைஞ்சுட்டு இருக்கு. அப்ப ஒத்த வாத்து வந்துச்சு, சைலஸ். தாழ. நேரா எங்களப் பாத்து. நான் கூப்பிடக்கூட இல்ல. எனக்கு எங்கம்மா முகம்தான் தெரிஞ்சுது. நீ சொன்னதெல்லாம் மறக்கல, எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, இருந்தும் சுட்டேன்.

— மேல சொல்லு.

— சத்தம் தண்ணி மேல போயி எதிர்க்கரையில மோதித் திரும்பி வந்துச்சு. வளைகுடாவுல இருந்த அத்தனை வாத்தும் ஒண்ணா எழுந்திரிச்சுது. வானமே இருட்டிப் போன மாதிரி. நான் அப்படியே உக்காந்துட்டேன். மால்கம்தான் போயி அத எடுத்துட்டு வந்தாரு. பையில போட்டு என்கிட்ட குடுத்தாரு. கேட்டா நான்னு சொல்லிக்கிறேன், என் பேரு ஏற்கெனவே அப்படித்தான், இன்னொரு தப்பு சேர்ந்தா ஒண்ணும் ஆகாதுன்னாரு. தலைவனோட பொண்டாட்டியே மீறினான்னு தெரிஞ்சா நாளைக்கு அவன் பேச்ச எவன் கேப்பான்னாரு. நான் வேணாம்னேன். ஆனா பலமா சொல்லல. அத இப்ப உன்கிட்ட ஒத்துக்கிறேன், பலமா சொல்லல.

— அப்புறம் மறுநாள் காலையில.

— ஆமா. எல்லாரும் டீ குடிச்சுட்டு இருந்தோம். நீ வந்த. யாருன்னுகூட கேக்கல. நேரா அவரப் பாத்து எழுந்திரின்ன. அவர் எழுந்தாரு. உன் வாயில வந்ததெல்லாம் சொன்ன. அவர் கூடாரத்தப் பிரிச்சு மடிச்சு, மடிப்புல பூச்சி இருக்கான்னுகூட தட்டிப் பாத்துட்டு, படகுல வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. என் பக்கம் திரும்பவே இல்ல. எங்கம்மா அந்த ரசத்த மூணு நாள் குடிச்சாங்க. பதினோராவது நாள் போயிட்டாங்க. துக்கத்துக்கு மால்கம் வந்து சர்ச் வாசல்லயே நின்னுட்டுப் போனாரு, உள்ள நீ இருக்கேன்னு. அன்னைக்காவது சொல்லியிருக்கணும். வருஷம் ஆக ஆக வாய் கனத்துப் போச்சு.

— முடிச்சிட்டியா?

— முடிச்சுட்டேன். திட்டு. தலைவன்கிற முறையில அஞ்சு குடும்பத்தயும் கூட்டி வச்சுத் திட்டினாலும் நான் எழுந்து நிப்பேன். ஆனா அந்தத் துப்பாக்கிய வாங்காத. நாளைக்குக் காலையில நான் மால்கம்கிட்ட போறேன், நீ வந்தாலும் வராட்டியும். அவர் குளத்துல உக்காந்து நீபினுக்கு வாத்து சுடப் போறேன். அதுக்கு முன்னாடி, என்னால உங்க ரெண்டு பேருக்கும் ஆன கெடுதல அவர் முன்னாடியே சொல்லப் போறேன்.

— மணி என்ன?

— அஞ்சு நாப்பத்தஞ்சு. போறியா உள்ள?

— வண்டிய எடு.

— துப்பாக்கி?

— அவ வேற யாருக்காவது வித்துக்கட்டும். நல்ல தோளு இருக்கிறவனுக்கு. எழுபதாவது கிலோமீட்டருக்கு விடியறதுக்குள்ள போயிடலாமா?

— நடுவுல டீ குடிக்க நிறுத்தினாலும் போயிடலாம். நெசமாத்தான் சொல்றியா? கோபம் இல்லியா உனக்கு? ஒரு வார்த்தையாவது சொல்லு. என்னப் பாரு.

— ரோட்டப் பாத்து ஓட்டு. மால்கம்கிட்ட என்ன சொல்றதுன்னு நான் யோசிக்கணும்.

— நீ யோசிக்க என்ன இருக்கு? தப்பு பண்ணது நான், மறைச்சது நான். நீ தெரியாம பண்ணின. சொல்ல வேண்டியது நான்தான்.

— இல்ல டைனா. உன் இருபது போர் சத்தத்தையும் அவனோட பன்னெண்டு போர் சத்தத்தையும் தூக்கத்துல கேட்டாக்கூட நான் பிரிச்சுச் சொல்லுவேன். சுட்டது நீன்னு தெரிஞ்சுதான் மறுநாள் காலையில அவன எழுந்திரின்னு சொன்னேன்.