இருநூற்றுப் பதினொரு காலி கேசட்டுகள்

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அருங்காட்சியகத்தின் பதிவேடு பதினெட்டு வருடங்களாக என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. விசாரணைக்கு அதைத்தான் முதலில் எடுத்துப்போனீர்கள். நல்லது. அதில் நான் பொய் எழுதியதில்லை.

சினிமாவும் தொலைக்காட்சியும் வளர்ந்த கதையைச் சொல்லும் இடம் இது. ஜனங்கள் வருவதோ கீழ்த்தளத்தில் போட்டிருக்கும் செய்தி வாசிக்கும் மேசைக்காக. அதில் உட்கார்ந்து முகத்தைக் கோணிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். நூறு வருடக் கேமரா பக்கத்திலேயே நிற்கும். அதன் கைப்பிடியில் பையை மாட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் தலைவர் அவர்களுக்கும் ஒரு படி மேல். திறப்பு விழா என்றால் காய்ச்சலோடும் வந்து நிற்பார் என்பதால் ஊழியர்கள் அவருக்கு ரிப்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள். எவர் எந்தக் குப்பையைக் கொண்டுவந்தாலும் பல்லைக் காட்டி வாங்கி, என் மேசையில் இறக்கிவிடுவார்.

பழைய வீடியோ கேசட்டுகளை ஓட்டும் கருவி எங்களிடம் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. அதன் உறுப்புகள் தேய்ந்துகொண்டே வருகின்றன. மாற்றுவதற்கு இப்போது யாரும் செய்வதில்லை. அது நிற்பதற்குள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றியாக வேண்டும். பதிவு எண் வரிசைப்படிதான் மாற்ற வேண்டும் என்று ரிப்பன் உத்தரவு போட்டார். எல்லோரும் சமமாம். ஒரு மேதை, ஒளிப்பதிவாளர், ஆறு மணி நேரம் மனம் திறந்து பேசிய பேட்டி வரிசையின் கடைசியில் கிடந்தது. அதற்கு முன்னால் பள்ளி ஆண்டு விழா, புறாப் பந்தயம், யாரோ ஒருவருடைய நாய். உத்தரவில் ஒரே ஒரு விலக்கு இருந்தது: காலி கேசட்டை விட்டுவிடலாம்.

கேசட்டை அழிக்கும் காந்தப் பெட்டி என் அறையிலேயே இருந்தது. பொத்தானை அழுத்தினால் ஏழு விநாடி. சத்தம்கூட வராது.

அந்தக் காலத்து நிலையங்கள் செலவை மிச்சம் பிடிக்க எத்தனையோ நிகழ்ச்சிகளை அழித்துவிட்டன என்று வருந்தும் பலகை ஒன்று மேல்தளத்தில் இருக்கிறது. அதை எழுதியவனே நான்தான் என்று நேற்று நீங்கள் சிரித்தீர்கள். வித்தியாசம் உங்களுக்குப் புரியவில்லை. அவர்கள் பார்க்காமல் அழித்தார்கள். நான் ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் பார்த்தேன். ஒரு கேசட்டின் யோக்கியதை தெரிய ஐந்து நிமிடம் தாராளம்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த அம்மாள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் பாட்டு நிகழ்ச்சி ஒன்றின் கேசட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அதில் பாடிய மகள் அந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டாளாம். "போட்டோ இருக்கு சார். குரல் இதுல மட்டும்தான் இருக்கு. எங்க வீட்ல போட்டுப் பாக்க மெஷின் இல்ல." கணினிக்கு மாற்றியதும் வந்து பார்க்கலாம் என்று ரிப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மாள் திரும்பி வந்தபோது அந்தக் கேசட் காலியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் பதறவில்லை. அதே நிகழ்ச்சியின் வேறொரு வாரத்தை மாதிரிக்காக முன்பே மாற்றி வைத்திருந்தோம். அதே ஊஞ்சல், அதே வெள்ளைக் கவுன், இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி. அதைப் போட்டு, அவள் பாடி முடித்ததும் நிறுத்தினேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு சார்" என்றார். இவர்களுக்குத் திரையில் ஏதாவது அசைந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு புதன்கிழமைதோறும் வந்தார். இரண்டு வருடம் நானும் முகம் சுளிக்காமல் போட்டுக் காட்டினேன். அதைக் கருணை என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது.

போன மாதம் ஒரு புதன்கிழமை, பெண் பல் மருத்துவர் ஒருவர் பிள்ளைகளோடு வந்தார். பாட்டைக் கேட்டுவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். "இது நான்தானே. எட்டு வயசுல பாடினது."

அந்த அம்மாள் திடுக்கிடவே இல்லை. "தெரியும்மா. நல்லா பாடுறே. என் பொண்ணு மூணாவதா வருவா. சார் ஒவ்வொரு தடவையும் உன் பாட்டோட நிறுத்திடறார். பெரிய இடம், நாம போய்த் தப்பு சொன்னா கோவிச்சுக்குவாங்களோன்னு வாயத் தெறக்கல. என்னிக்காவது அப்படியே ஓட விட்டுடுவார்னுதான் வந்துட்டிருக்கேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அம்மா, உங்க கேசட் காலியாத்தான் வந்துச்சு. வீட்ல எங்க வெச்சிருந்தீங்க?"

"ரேடியோ மேல சார். பத்திரமா இருக்கட்டும்னு."

"ரேடியோவுக்குள்ள காந்தம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா அழிச்சிடும்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நானேவா சார்?" என்றார். நான் வாய் திறந்து ஆமாம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பல் மருத்துவர் சும்மா போகவில்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அந்தக் கேசட் வந்த நாளைத் தேடிப் பிடித்தார். 'படம் தெளிவு. ஒலி மிகத் தெளிவு.' என் கையெழுத்து.

இருநூற்றுப் பதினொன்றையும் அழித்தது நானே. யாரும் உதவவில்லை, யாரும் தூண்டவில்லை. அந்த அம்மாளின் பெண் எப்படிப் பாடினாள் என்று கேட்டீர்கள். தெரியாது. இரண்டாவது குழந்தை பாடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

உண்மையை அந்த அம்மாளுக்கு ஒரு கடிதமாக எழுதித் தரச் சொல்கிறீர்கள். அதை மட்டும் செய்யமாட்டேன். அன்று வீட்டுக்குப் போனதும் ரேடியோவைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாராம். இப்போது யாரோடும் பேசுவதில்லையாம். அவருக்கு மனம் அடங்கி வருகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். இந்த நேரத்தில் போய்க் கிளறுவது மனிதத்தன்மை இல்லை.