இருபத்தேழாம் நாள் குறிப்பு

முதலாண்டு உளவியல் வகுப்பு காலை பதினோரு மணிக்கு. என் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பத்தொன்பது வருடமாக அதே பாடம்தான்: கவனித்தல், ஊகம், சோதனை, முடிவு. உதாரணங்களும் அவையேதான். மணிச் சத்தத்துக்கு எச்சில் விட்ட நாய், வழி தேடிய எலி. போன பருவத்தில் ஒரு மாணவி எழுந்து, "சார், எலியெல்லாம் போதும். வீட்டுல இருக்கிற மனுசங்களை வச்சு ஒண்ணு சொல்லுங்களேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் வீட்டில் இருந்த ஒரே மனுசி என் அக்கா. அத்தான் போன பிறகு என்னோடு வந்துவிட்டாள். முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவள், விரலைப் பார்க்காமலே அடிப்பாள். பதினோரு வருடமாகக் காலையில் இன்சுலின் போட்டுக்கொள்வதும் அப்படித்தான். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியைத் திருகி, வயிற்றில் அழுத்தி, மூடி வைப்பாள். அதற்குள் வாய் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருக்கும். பிறகு சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு டிக். சமீபமாக அந்த டிக்கைப் பார்த்துத்தான் ஊசி போட்டோமா இல்லையா என்றே அவளுக்குத் தெரிந்தது.

பழகிப்போன வேலையைக் கை செய்கிறது, மனம் அதைப் பதிந்துகொள்வதில்லை. இது என் ஊகம். புள்ளியியல் ஆசிரியரிடம் சொன்னேன். "ஒத்தை ஆளை வச்சு என்னய்யா கண்டுபிடிப்பே? முப்பது நாளாச்சும் பாரு, அப்புறம் பேசலாம்" என்றார். அன்றே ஒரு நோட்டு வாங்கினேன்.

தினமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நேரத்தைக் குறித்தேன். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்களின் நடத்தை மாறிவிடும். ஆகவே அக்காவிடம் சொல்லவில்லை.

"காலங்காத்தால என்னடா எழுதற?"

"கிளாஸுக்கு நோட்ஸ்க்கா."

"பாவம்டா பசங்க. நீ வாயால சொல்றதே தாங்காது, இதுல எழுதி வேற தரப்போறியா?"

ஒன்பதாம் நாள் அவள் டிக் போட மறந்தாள். அரை மணி கழித்து வந்து பார்த்துவிட்டு இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. கவனிப்பவர் குறுக்கிடக் கூடாது என்பது முதல் வாரப் பாடம். பத்து மணிக்குச் சர்க்கரை இறங்கி அவளுக்கு வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா ரவிக்கை கொடுக்க வந்தவர் ஓடிப்போய்ச் சர்க்கரையைக் கரைத்துப் புகட்டினார்.

"என்ன சார் நீங்க? அக்கா தொப்பலா நனைஞ்சு கிடக்காங்க, நீங்க பேனாவும் கையுமா உக்காந்திருக்கீங்க?"

பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லை என்று சொன்னேன். அந்த நாளின் பதிவை அடித்துவிட வேண்டியிருந்தது. வெளியாள் குறுக்கிட்டால் முடிவு சுத்தமாக இருக்காது.

பங்கேற்பவருக்குத் தீங்கு வருமென்று தெரிந்தால் ஆய்வை நிறுத்த வேண்டும் என்றும் ஒரு பாடம் உண்டு. அது கடைசிப் பாடம். தேர்வில் இரண்டு மதிப்பெண்தான் வரும். எந்த வருடமும் நான் அதுவரை நடத்தி முடித்ததில்லை.

இருபத்தைந்து நாள் ஆனதும் ஒன்று புரிந்தது. டிக் இல்லாத நாளில் அவள் தடுமாறுகிறாள். ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்றுக்கு மற்றது காரணம் ஆகிவிடாது. காரணம் என்று சொல்ல வேண்டுமானால் நாமே ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும். இருபத்தாறாம் நாள் இரவு நான் நாட்காட்டியைக் கழற்றினேன்.

"சுவத்துல மாட்டியிருந்தது எங்கடா?"

"ஆணி ஆடுதுக்கா. சரி பண்ணி மாட்டறேன்."

இருபத்தேழாம் நாள் சனிக்கிழமை, கல்லூரி விடுமுறை. ஏழு பத்துக்கு ஊசி போட்டுக்கொண்டாள். தையல்காரம்மா வந்துவிடக் கூடாது என்று வாசற்கதவைத் தாழிட்டேன். ஏழு நாற்பதுக்கு அக்கா என் எதிரே வந்து நின்றாள்.

"போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு. நான் ஊசி போட்டேனாடா?"

தெரியலையேக்கா என்றேன். அவள் மறுபடி போட்டுக்கொண்டாள். அன்று பசியில்லை என்று தேநீர் மட்டும் குடித்தாள். ஒன்பதேகாலுக்கு வியர்வை. ஒன்பதே முக்காலுக்கு என்னை அத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பத்து மணிக்குப் பிறகு கூப்பிடவில்லை. வாசலில் யாரோ இரண்டு முறை மணி அடித்தார்கள். பதினொன்று இருபதோடு குறிப்பை முடித்துவிட்டு ஆம்புலன்சுக்குச் சொன்னேன்.

அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நினைவு என்பது நடந்ததை அப்படியே எடுத்துத் தருவதில்லை. ஒவ்வொரு முறையும் நமக்குத் தாங்கக்கூடிய விதத்தில் புதிதாகக் கட்டித் தருகிறது. இதையும் நான்தான் வகுப்பில் சொல்லித் தருகிறேன். என் நினைவில் நான் 'தெரியலையேக்கா' என்றுதான் சொன்னேன். மூன்று வாரமாக எனக்கு அந்தக் குரல் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் நோட்டு உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறது, கையெழுத்து என்னுடையது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் பயந்து அன்று ஊசியையே தொட்டிருக்க மாட்டாள், அந்த நாளும் வீணாகியிருக்கும். அதனால் ஏழு நாற்பதுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சரி.

"இல்லக்கா, நீ இன்னும் போடல."

"நல்லவேளை, உன்னைக் கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஊசியை எடுத்தாள். அதையும் குறித்துக்கொண்டேன்.